யார் வாங்குவார்? – குப்பை கேள்வி-பதில்

வீட்டுக் குப்பை, கடைக் குப்பை பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு மூலையில் நாலு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரே இதே யோசனையில்தான் இருந்திருக்கிறது போலிருக்கிறது. பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்று: மதுரையில் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாக்கைக் கொட்டிப் பிரிப்பதுதான் எனக்கு வீட்டுப்பாடம். அதனால் என் பதில்களில் கடைக்காரன் புத்தி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு பக்கெட் வைத்து ஒழுங்காகப் பிரிக்கிறேன். வண்டி வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் நான் எதற்காகப் பிரிக்க வேண்டும்?
– இல்லத்தரசி, கும்பகோணம்

நியாயமான கோபம். ஏழெட்டுப் பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும், பிரித்தபடியே எடுத்துப் போகவும் வேண்டும் என்று 2016-லேயே திடக்கழிவு விதிகளில் எழுதிவிட்டார்கள். எழுதியபடி நடந்திருந்தால் 2022-ல் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் 2024-ல் கோவை வெள்ளலூர்க் கிடங்கும் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்திருக்காது. அதனால் வண்டிக்காரருக்காக வாதாட நான் வரவில்லை.

ஆனால் நீங்கள் பிரிப்பது வண்டிக்காக இல்லை. ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தால் அது மறுசுழற்சிக்குப் போகும், இல்லாவிட்டால் பச்சை டப்பாவில் போட்டாலும் நீல டப்பாவில் போட்டாலும் கிடங்குக்குத்தான் போகும். அவ்வளவுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். எங்கள் கடையில் ஒரு நியூஸ்பேப்பர் கட்டைப் பிரிக்கும்போது நடுவில் சாம்பார் பட்ட நாலு தாள் இருந்தால், இரண்டு நாளில் அந்தக் கட்டு முழுக்கப் பூசணம் பிடித்துவிடும். பேப்பர் மில்லில் லோடு இறக்கும்போது கம்பி போன்ற ஒரு மீட்டரைக் கட்டுக்குள் குத்தி ஈரம் பார்த்து, அதற்குத் தக்கபடி எடையில் கழிப்பார்கள். கழித்தது அப்பா தலையில் விழும், அப்பா அதை அடுத்த தடவை கொண்டு வருகிறவர் தலையில் இறக்குவார். காய்ந்தது, ஈரம் என்று நீங்கள் உங்கள் அடுக்களையில் பிரிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒரு பொருள் சரக்கா குப்பையா என்பது முடிவாகிறது. ஒரு தடவை கலந்துவிட்டால் பிறகு யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பிரித்தாலும் பழைய விலை வராது.

அதனால் விற்கக்கூடியது எதுவுமே வண்டிக்குப் போக வேண்டாம். கதவுக்குப் பின்னால் ஒரு சாக்கு, பேப்பர், அட்டை, பாட்டில், பால் கவர், தகரம் எல்லாம் அதில். மாதத்துக்கு ஒருமுறை எடைக்குப் போடுங்கள். கடைக்குப் போக நேரமில்லையா, ஒரு பையில் போட்டு தூய்மைப் பணியாளர் கையிலேயே கொடுங்கள். வண்டியில் கொட்டாதீர்கள், கையில் கொடுங்கள். விற்கிற சரக்கு அவர்களுக்கு மேல்வரும்படி, அதை யாரும் சாம்பாரோடு கலக்க மாட்டார்கள். நம் வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும்தான். கும்பகோணம் என்கிறீர்கள், கொல்லையில் ஒரு வாழைமரம் இல்லாமலா இருக்கும்? அதன் அடியில் குழி வெட்டிப் போட்டு மண்ணைத் தள்ளுங்கள். இதற்கு மேலும் ஏதாவது மிஞ்சினால் அதை வண்டிக்காரர் எப்படிக் கலந்தால் என்ன.

பால் கவரைக் கழுவி, கொடியில் க்ளிப் போட்டுக் காயவைக்கிறேன். மருமகள் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் செய்வது சரிதானே?
– மாமியார், திருச்சி

சரியோ சரி. வீட்டுக்கு வரும் கவர்களிலேயே நல்ல சரக்கு பால் கவர்தான், ஒரே வகை பிளாஸ்டிக், கனமானது, உருக்கினால் குப்பை போடும் பையாகவோ தண்ணீர்க் குழாயாகவோ மறுபிறவி எடுக்கும். கழுவாமல் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் அந்த மூட்டையை யாரும் தொட மாட்டார்கள், நான் தொட்டிருக்கிறேன், அந்த வாடை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கவரை வெட்டும்போது மூலையைத் தனியாக நறுக்கி எறியாதீர்கள். கத்தரிக்கோலை முக்கால்வாசி ஓட்டி நிறுத்துங்கள், மூலை கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். நகம் அளவுக்கு இருக்கும் அந்தத் துண்டைப் பொறுக்குவதற்கு உலகத்தில் ஆள் கிடையாது. சாக்கடைக்குப் போகும், இல்லை காய்கறித் தோலோடு உரத்துக்குள் போய் மண்ணில் கிடக்கும். தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் வருடத்துக்கு எழுநூறு மூலைகள்!

மருமகளோடு வாக்குவாதம் வேண்டாம். கவர் விற்ற காசை மாதாமாதம் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்றுதான் பேப்பர் கப்புக்கு மாறினேன். போன மாதம் வந்து அதற்கும் அபராதம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்?
– பெயர் வேண்டாம் என்ற டீக்கடைக்காரர், தேனி பக்கம்

அண்ணே, ஒரு கப்பை எடுத்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பிறகு உள்பக்கம் விளிம்பிலிருந்து நகத்தால் கிளப்பி மெதுவாக உரியுங்கள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு தாள் தனியாக வரும். அது பிளாஸ்டிக். அது இல்லாவிட்டால் கப்பில் டீ ஊற்றிய இரண்டாவது நிமிடம் வாடிக்கையாளர் சட்டையில் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அன்றைக்கே இருந்தது. பெயரில் பேப்பர் இருப்பதால் எல்லோரும் ஏமாந்தோம். மொத்தக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்களே, அவர்களை விட்டுவிட்டு உங்களைப் பிடிப்பது நியாயமா என்றால், இல்லைதான். ஆனால் தடை தடைதான்.

தடையை விடுங்கள், கடைக்காரன் புத்தியோடு பார்ப்போம். குடித்துப் போட்ட பேப்பர் கப்பை யார் வாங்குவார்? பேப்பர் மில்காரர் தொட மாட்டார், உள்ளே பிளாஸ்டிக். பிளாஸ்டிக் உருக்குகிறவரும் தொட மாட்டார், வெளியே பேப்பர். போதாததற்கு ஈரம், சர்க்கரை, எறும்பு. நூறு கப் சேர்த்தாலும் தராசு முள் அசையாது. எடைக்கு எடுக்க ஆளே இல்லாத சரக்கு அது.

கண்ணாடி டம்ளருக்குத் திரும்புங்கள். கரோனாவுக்குப் பிறகு ஜனங்கள் டம்ளரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்பீர்கள், உண்மைதான். அதற்குக் காரணம் டம்ளர் இல்லை, டம்ளரை முக்கி எடுக்கிற அந்தக் கலங்கின பக்கெட். பாய்லரில் எப்படியும் வெந்நீர் கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது. கழுவின டம்ளரை வாடிக்கையாளர் கண் முன்னாலேயே வெந்நீரில் ஒரு அலசு அலசிவிட்டு ஊற்றுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இதைச் செய்த பிறகு கூட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. பார்சலுக்குத் தூக்குச்சட்டியோ பிளாஸ்கோ கொண்டு வருகிறவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள். பக்கத்து ஆபீஸ், ஒர்க்‌ஷாப்புக்கு நீங்களே பிளாஸ்கில் கொடுத்தனுப்பி, காலி பிளாஸ்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் கடையில் விற்கக்கூடிய சரக்கு வேறு இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் பால் என்றால் அரை லிட்டர் கவர் அறுபது. கடை மூடுவதற்கு முன் ஒரு அண்டாத் தண்ணீரில் எல்லாவற்றையும் சேர்த்து அலசிக் கட்டிவிட்டால் பையன்களுக்கு டிபன் காசு. டீத்தூள் சக்கையை ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள், பாலும் சர்க்கரையும் போக அலசிக் காயவைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் செடிக்கு எறும்புதான் மிஞ்சும். அப்புறம், வடையை நியூஸ்பேப்பரில் வைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். அச்சு மை வயிற்றுக்கு ஆகாது, உணவுப் பொட்டல விதிகளும் கூடாது என்கின்றன. எண்ணெய் ஊறின பேப்பரை நாங்களும் வாங்க மாட்டோம். வாழையிலைத் துண்டு போதும்.

பாட்டிலுக்கு அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கிறதே, அது இருந்தால் மறுசுழற்சி ஆகும் என்று அர்த்தமா?
– கல்லூரி மாணவி, சேலம்

இல்லை. அது என்ன வகை பிளாஸ்டிக் என்று சொல்லும் எண், அவ்வளவே. 1 தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில். உருக்கி இழையாக்கி பாலியஸ்டர் துணியாகிறது. 2 ஷாம்பு பாட்டில், பினாயில் கேன். 4 பால் கவர். 5 மூடி, பிரியாணி டப்பா, நாற்காலி. இந்த நாலுக்கும் எங்கேயும் ஆள் உண்டு. 3 பி.வி.சி., பைப், பிளெக்ஸ் பேனர் வகையறா. அதை மற்றதோடு சேர்த்து உருக்கினால் அந்த லாட்டையே கெடுத்துவிடும், தனியாக வைக்க வேண்டும். 6 தெர்மகோல், எடையே இல்லாததால் யாரும் சுமந்து போக மாட்டார்கள். 7 என்றால் "இன்னபிற", வாங்குகிறவர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பிரியாணி டப்பாவைக் கழுவித்தான் போட வேண்டும் என்கிறார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் குப்பையைக் கழுவுவதா?
– வாசகர், சென்னை

புதுத் தண்ணீரை யார் ஊற்றச் சொன்னார்கள்? அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசின கடைசித் தண்ணீர் போதும். பளபளவென்று ஆக வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் போனால் சரி. அதற்குக்கூட மனமில்லை என்றால் டப்பாவைக் கடைக்கு எடுத்துப் போய் அதிலேயே அடுத்த பிரியாணியை வாங்கி வாருங்கள், எப்படியும் அன்றைக்கு மட்டும் கழுவித்தான் எடுத்துப் போவீர்கள்.

அலுமினிய டப்பாவும் பாயிலும் வந்தால் கசக்கி உருண்டையாக்கி, அதன் மேலேயே அடுத்ததையும் சுற்றிக்கொண்டே வாருங்கள். எலுமிச்சம்பழ அளவில் தொலைந்துபோகும், கிரிக்கெட் பந்து அளவுக்கு வந்தால் கடைக்காரர் கண்ணில் படும். மண்ணிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் எரிசக்தியில் சுமார் 5 சதவீதமே பழையதை உருக்குவதற்குப் போதும், அதனால்தான் அலுமினியம் என்றால் எந்தக் கடையிலும் முகம் மலரும்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஷாம்பு சாஷே இதையெல்லாம் என்ன செய்வது? எங்கள் பள்ளியில் இவற்றை வாட்டர் பாட்டிலுக்குள் திணித்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

தம்பி, ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து உள்பக்கம் பார். வெள்ளி மாதிரி மின்னுகிறதா? அது மெல்லிசான அலுமினியப் பூச்சு, அதற்கு மேலேயும் கீழேயும் வேறு வேறு பிளாஸ்டிக். காற்றும் வெளிச்சமும் உள்ளே போகாமல் சிப்ஸ் மொறுமொறுப்பாக இருப்பதற்கு அந்த ஏற்பாடு. ஒட்டியதைப் பிரிக்க ஆகும் செலவு, பிரித்தால் கிடைக்கும் சரக்கின் விலையைவிட அதிகம். அதனால் பழைய பேப்பர் கடையில் அதற்கு இடமில்லை.

ஆனாலும் போக்கிடமே இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்று சிமெண்ட் ஆலை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும் உலையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், நிலக்கரியோடு இந்தக் கவர்களையும் சேர்த்து எரிக்கிறார்கள். அரியலூர் பக்கம் ஆலைகள் நிறைய இருப்பதால் நம் ஊர் உள்ளாட்சிகளின் கவர் மூட்டைகளும் அப்படிப் போகின்றன. அதை மறுசுழற்சி என்று நான் சொல்ல மாட்டேன், எரிப்பதுதான். தெருமுனையில் எரிப்பதற்கு இது ஆயிரம் மடங்கு தேவலை. இன்னொன்று ரோடு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை, இதற்காக 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூடாக்கின ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் உருகிக் கல்லைச் சுற்றிப் பூச்சாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு தார் ஊற்றினால் நன்றாகக் கவ்வும், மழைத் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. இதற்கும் பி.வி.சி. ஆகாது, அது சூட்டில் விஷப்புகை விடும்.

பாட்டிலுக்குள் திணிப்பதைப் பற்றி உன் டீச்சரிடம் என் பெயரைச் சொல்லாமல் இதைச் சொல்: அந்த வாட்டர் பாட்டில் விற்கிற சரக்கு. அதற்குள் விற்காத சரக்கைத் திணித்து இரண்டையும் சேர்த்து வீணாக்குகிறோம். அந்தப் பாட்டில்களை வைத்து நிஜமாகவே சுவரோ பெஞ்சோ கட்டுகிறார்கள் என்றால் சரி. ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்துவிட்டு அடுத்த வருடம் குப்பை வண்டியில் ஏற்றுவதற்கு என்றால் வேண்டாம். கவர்களைத் துடைத்துக் காய்ந்தபடி ஒரு பையில் தனியாகச் சேர்த்து, உலர் குப்பை எடுக்கும் நாளில் கொடு, போதும்.

சின்ன மெஸ் நடத்துகிறேன். தினமும் முப்பது நாற்பது கிலோ மிச்சம் விழுகிறது. எச்சில் இலை, மிச்ச எண்ணெய், பார்சல் கவர் எல்லாம் ஒரே டிரம்மில். பிரிக்க ஆள் போட்டால் கட்டுப்படியாகுமா?
– மெஸ் உரிமையாளர், கோயம்புத்தூர்

பிரிக்க ஆள் போட்டால் கட்டுப்படியாகாது. கலக்காமல் இருக்க ஆள் வேண்டாமே, டிரம்தான் வேண்டும். ஒரு டிரம் இருந்த இடத்தில் மூன்று வையுங்கள், ஆனால் அடுக்களையில் ஒரு மூலையில் வரிசையாக வைக்காதீர்கள், வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள். காய் நறுக்கும் இடத்தில் ஒன்று, இலை எடுக்கும் இடத்தில் ஒன்று, பார்சல் கட்டும் இடத்தில் கவருக்கும் அட்டைக்கும் ஒன்று. மதிய நேரத் தள்ளுமுள்ளில் யாரும் இரண்டு அடி நடந்துபோய்ச் சரியான டிரம்மைத் தேட மாட்டார்கள், எவ்வளவு திட்டினாலும்.

காய்கறித் தோலும் வாழையிலையும் மாட்டுக்காரருக்கு. ஒரே நிபந்தனை, அதில் ஒரு ரப்பர் பேண்டுகூட இருக்கக்கூடாது, ஊறுகாய் பாக்கெட்டும் பல்குச்சியும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். ஒரு தடவை இருந்தால் மறுநாளிலிருந்து அவர் வர மாட்டார். பந்தியில் ஊறுகாயைப் பாக்கெட்டில் வைக்காமல் கரண்டியால் வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

எண்ணெய்தான் முக்கியம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது உறைந்து குழாயை அடைக்கும், தள்ளுவண்டிக்காரருக்குக் குறைந்த விலைக்கு விற்றால் அவரிடம் சாப்பிடுகிறவருக்குக் கேடு. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் விதி. அதே வருடம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரூக்கோ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது; பழைய எண்ணெயைச் சேகரிப்பவர்கள் லிட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்கிப்போய் பயோடீசல் ஆக்குகிறார்கள். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு செய்த சேகரிப்பாளர் யார் என்று கேளுங்கள். பழைய எண்ணெய் டின்னையே வைத்து, ஆறினதும் வடிகட்டி ஊற்றி மூடிவையுங்கள். தண்ணீர் கலந்தால் விலை விழும்.

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடத்தை விதிகள் பெரிய கணக்கில் வைத்து, நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்கின்றன. நீங்கள் அதற்குக் கீழேதான், கல்யாண ஆர்டர் எடுக்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் கவனம்.

மளிகைக் கடை பில்லை நியூஸ்பேப்பரோடு போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

கூடாது. நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அது மையே இல்லாமல் சூட்டில் அச்சாகும் தாள், மேலே ரசாயனப் பூச்சு இருக்கிறது. கடை வைத்திருப்பவர்கள் கேட்பவருக்கு மட்டும் பில் அடித்தால் இன்னும் நல்லது. அட்டைப் பெட்டிகளை மட்டும் மழையில் நனையவிடாமல் தட்டையாக மடித்து வையுங்கள், மளிகைக் கடையில் அதுதான் காசு.

"மக்கும் பை" என்று பச்சையாக ஒரு கவர் தருகிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

உண்மையான மக்கும் பை என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று எண் அதில் அச்சாகியிருக்கும். அதுவும் சூடும் ஈரமும் சரியாக இருக்கும் பெரிய உரக்கூடத்தில்தான் மக்கும், உங்கள் பூந்தொட்டியில் போட்டால் அடுத்த பொங்கலுக்கும் அப்படியே கிடக்கலாம். தப்பித்தவறி பால் கவர் மூட்டையில் கலந்துவிட்டால் அந்தச் சரக்கும் கெடும். மஞ்சப்பை எடுத்துப் போங்களேன், 2021 டிசம்பரிலிருந்து அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை" என்று சொல்கிறது. நம் கல்யாண வீடுகளில் வாங்கின பைகளே ஆயுசுக்கும் காணும்.

உடைந்த கண்ணாடி, சர்க்கரைக்குப் போடும் ஊசி, ட்யூப் லைட், பழைய செல்போன் – இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

எனக்கு இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. யாரோ உடைந்த டம்ளரைப் பழைய நோட்டுகளுக்கு நடுவில் சொருகி அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும்.

உடைந்த கண்ணாடியைப் பத்துத் தாள் நியூஸ்பேப்பரில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதி, கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள். முழு பாட்டில் விற்கும். டம்ளர், முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் எல்லாம் பாட்டிலோடு சேராது, வேறு வேறு சரக்கு. பாட்டில் திரும்பி வர வேண்டுமென்றால் அதற்கு விலை வைக்க வேண்டும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டில் வீசிய மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022-ல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பித் தந்தால் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. பாட்டிலை வீசாதீர்கள் என்று அதுவரை ஒட்டியிருந்த போர்டுகளால் ஆகாதது இது.

ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி ஒன்றில் போட்டு மூடியை டேப்பால் சுற்றித் தனியாகக் கொடுங்கள். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டுகிறேன் என்று விரலில் குத்திக்கொள்ள வேண்டாம். நாப்கின், டயப்பரைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்பாக ஒரு குறி போட்டுக் கொடுத்தால் பிரிக்கிறவர் திறந்து பார்க்க மாட்டார். இது சின்ன விஷயம்போலத் தெரியும், வெறுங்கையால் மூட்டையைப் பிரிக்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய ட்யூப் லைட்டிலும் சி.எப்.எல். பல்பிலும் பாதரசம் உண்டு, உடைக்கக்கூடாது, வந்த அட்டை உறையிலேயே திரும்பப் போட்டு வையுங்கள். செல்போன் பேட்டரி, பவர் பேங்க் வகையறாவை வண்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். மின்னணுக் கழிவையும் பேட்டரியையும் மறுசுழற்சிக்குப் போகச் செய்வது தயாரித்த கம்பெனியின் பொறுப்பு என்று 2022-ல் வந்த விதிகள் சொல்கின்றன. உங்கள் சங்கம் போல நூறு வீடு சேர்ந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற நிறுவனத்தைக் கூப்பிட்டால் வண்டி அனுப்பி எடுத்துப் போவார்கள். ஒற்றை வீட்டுக்கு வர மாட்டார்கள். தெருவில் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள், அந்தப் புகையை முதலில் குடிப்பது அவர்தான்.

தையல் கடை வெட்டுத் துணி மூட்டை மூட்டையாகச் சேர்கிறது.
– தையல்காரர், திருநெல்வேலி

பருத்தி தனி, பாலியஸ்டர் தனி, இந்த ஒன்றைச் செய்தால் போதும். பருத்தித் துண்டை பனியன் வேஸ்ட் மாதிரி ஒர்க்‌ஷாப்காரர்கள் கை துடைக்க, எந்திரம் துடைக்க வாங்குவார்கள். திருப்பூர் பக்கம் வெட்டுத் துண்டைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் மில்களே இருக்கின்றன. கலந்த மூட்டைக்கு மெத்தைக்காரர்தான், அவரும் பேரம் பேசுவார். ஊக்கு, பட்டன், ஜிப் இருந்தால் நறுக்கி எடுத்துவிடுங்கள்.

பழைய பேப்பர் கடைக்காரர்கள் எடையில் ஏமாற்றுகிறார்கள். இதற்கு உங்கள் பதில் என்ன? உங்கள் அப்பாவும் அப்படித்தானா?
– வாசகர், மதுரை

ஊர்க்காரர் சும்மா விடுவாரா! ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொக்கித் தராசைக் கையில் தூக்கிப் பிடித்து நிறுத்தால் அடியில் சுண்டுவிரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். எலக்ட்ரானிக் தராசு என்றால் சாக்கை வைப்பதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், அளவைத் துறை முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டிலேயே ஒரு தடவை நிறுத்துவிட்டுப் போனால் பாதி வாக்குவாதம் மிச்சம். வகை வகையாகப் பிரித்துக் கொண்டு போங்கள், மொத்தமாகக் கொடுத்தால் இருப்பதிலேயே மட்டமான சரக்கின் விலைதான் எல்லாவற்றுக்கும் போடுவார்கள், அது ஏமாற்று இல்லை, தொழில்.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் தராசு சரியாகத்தான் இருந்தது என்று மகன் சொன்னால் யார் நம்பப் போகிறீர்கள். இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்கிறேன். நியூஸ்பேப்பர் கட்டுக்கு நடுவில் தண்ணீர் தெளித்துக் கொண்டு வருவார்கள். தகர டின்னுக்குள் மணல் இருக்கும். ஒரு நாள் நல்ல வேட்டி சட்டையில் வந்த ஒருவர் வார இதழ்க் கட்டு ஒன்றை இறக்கினார், நிறுத்துக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் நான் பிரித்தேன், நடுவில் உருண்டையாக ஒரு ஆற்றுக்கல், இரண்டு கிலோ இருக்கும். அப்பா கத்தவில்லை. கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும் கடைக் கதவுக்கு அதை முட்டுக் கொடுத்தார். கடையை மூடின பிறகு கல் வீட்டுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போதும் பின்கதவுக்கு அதுதான் முட்டு.